பத்து நிமிட அட்டை

முதலில் ஒரு நகத்துணுக்கு வந்தது. பல்குத்தும் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, மடிக்கணினியின் விசைகளுக்கு நடுவே விட்டு இழுத்த கை அதை வெள்ளைக் காகிதத்தின் மேல் உதறியது. பிறை போல வளைந்த, மஞ்சளித்த நகம். யாரோ கடித்துத் துப்பியிருக்கிறார்கள். அடுத்த இழுப்பில் ரொட்டித்தூள், இரண்டு தலைமுடி, பிறகு இன்னதென்று சொல்ல முடியாமல் பாகு போல இழுபடும் ஏதோ ஒன்று. கை ஒரு கணம் அப்படியே நின்றது. குச்சியைக் கூடையில் போட்டுவிட்டுப் புதுக் குச்சி எடுத்தது.

"ஏன்க்கா, குளிப்பாட்டித்தான் அளக்கணுமா? அப்படியே சொருகி அளந்துட்டாப் போச்சு" என்றாள் முன்மேசையில் பதிவேடு எழுதுகிறவள்.

"உள்ள விசிறி இருக்கு. அது அடைச்சுக் கிடந்தா மிஷின் சூடாகிக் கூடுதலா இழுக்கும். அழுக்கை அளந்து மிஷின் கணக்குல எழுதச் சொல்றியா?"

"எனக்கு அதைப் பாத்தாலே காலையில குடிச்ச டீ மேல வருது."

"எனக்கு மட்டும் கீழ போகுதாக்கும்."

மடிக்கணினியைக் கவிழ்த்ததும் அடிப்பலகையில் ஒட்டியிருந்த ஒரு துண்டுக் காகிதம் தெரிந்தது. சூட்டில் ஓரம் சுருண்டு, பழுப்பேறியிருந்தது. நீல மையில் நெருக்கி எழுதியிருந்தார்கள்: "வெளிச்சம் பத்தலை. கண் எரியுது. செட்டிங்கை யாராவது மாத்துங்க." பழுது பார்க்க வருகிறவர் கண்ணில் பட்டால் படட்டும் என்று எழுதியது போலிருந்தது. சுத்தம் செய்கிறவள் அதைக் கிழியாமல் உரித்துப் பதிவேட்டின் ஓரத்தில் ஒட்டினாள். சோதனைக்கு வந்த பொருளோடு எது வந்தாலும் அதற்கும் ஒரு வரி எழுதி வைப்பது அவள் வழக்கம்.

திருகுகளைக் கழற்றி அடிப்பலகையைத் தூக்கினாள். விசிறியின் வாயில் தூசி கம்பளியாகப் பின்னிக் கிடந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது செத்த எலியின் தோலைப் போல ஒரே துண்டாக வந்தது. அதன் அடியில், கால்களை மடக்கிக்கொண்டு, காய்ந்துபோன ஒரு கரப்பான் குஞ்சு.

"ஐயே!" என்று முன்மேசைக்காரி நாற்காலியோடு பின்னால் போனாள்.

சுத்தம் செய்கிறவள் இடுக்கியை மறுபடி உள்ளே விட்டாள். கரப்பானை எடுத்துப் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். அன்று காலையில் அது நான்காவது தடவை.

அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்த முதலாளி கூட, சிபாரிசுக்கு வரும் வாடிக்கையாளர்களிடம், "நம்ம மீட்டரக்கா பாத்துக்குவாங்க" என்பார். டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது அந்தச் சோதனைக்கூடம். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் முதலாளியின் தலையெண்ணெய் நாற்றம். இஸ்திரிப்பெட்டி, மின்விசிறி, நீர் இறைக்கும் மோட்டார், சார்ஜ் விளக்கு என்று கம்பெனிகள் அனுப்புவதையெல்லாம் சொருகி, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்து, அறிக்கை எழுதி, முத்திரை குத்திக் கொடுப்பது அங்கே தொழில்.

அருவருப்பு அவளோடு கூடப் பிறந்தது. பேருந்துக் கம்பியைக் கைக்குட்டை வைத்துத்தான் பிடிப்பாள். பிறர் வாய்வைத்த தம்ளரைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வாள். அப்படிப்பட்டவள் பதினேழு வயதில் போய்ச் சேர்ந்த இடம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. கருகிய சுருளின் நாற்றம், கையை விட்டுப் போகாத வார்னிஷ், எச்சில் தொட்டு முறுக்கிய நூல். அவளைச் செம்புக் கம்பி சுற்ற வைத்தார்களே தவிர மீட்டரைத் தொட விடவில்லை. "பொம்பளை கை பட்டா முள்ளு ஆடும்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவள் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டே, தலைகீழாகத் தெரிந்த முள்ளைப் பார்த்துப் பார்த்து அளவு படிக்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் பட்டறைக்காரர் தப்பாகச் சொன்ன எண்ணை இவள் எதிர்ப்பக்கத்திலிருந்து திருத்தினாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இன்றைக்கும் முள் மீட்டரைத் திருப்பி வைத்துவிட்டால் அவளுக்கு வேகமாகப் படிக்க வரும்.

சோதனை மேசைக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது. பதினான்கு வருடங்களுக்கு முன்னால், இங்கே வேலைக்கு வந்த புதிதில், அவளே தன் கையால் எழுதியது: "ஓட விடு. பத்து நிமிடம் பொறு. பிறகு எண்ணைக் குறி." எந்தப் புத்தகத்திலும் பார்த்து எழுதியதில்லை. மோட்டாரோ இஸ்திரிப்பெட்டியோ, தொடங்கும்போது வீம்புக்கு இழுக்கும். பத்து நிமிடம் ஆனால் அடங்கி உண்மைக் குணத்துக்கு வரும். நூற்றுக்கணக்கான மோட்டார்களைத் தொட்டுப் பார்த்துத் தானாகக் கண்டுபிடித்த விதி அது. முதலாளி அதையே அச்சடித்துக் கூடத்தின் அளவு முறை என்று ஒவ்வொரு அறிக்கைக்கும் பின்பக்கத்தில் சேர்த்துவிட்டார். அட்டைக்கு பிளாஸ்டிக் உறை கூடப் போட்டாயிற்று. ஊரில் அவளுக்கு இருந்த மரியாதையில் பாதி அந்த அட்டையால் வந்தது.

மடிக்கணினியைக் கொண்டுவந்தவன் அவள் தம்பி. முப்பத்தாறு வயது. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய அலுவலகத்தில் பொருள் வாங்கும் பிரிவில் இருக்கிறான். அன்று காலை அவன் படியேறி வருவதற்கு முன்பே அவனுடைய சென்ட் வாசனை மேலே வந்துவிட்டது.

"அக்கா, சின்ன விஷயம்தான். நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"கையெழுத்து சின்ன விஷயம்னா நீயே போட்டுக்கயேன்டா."

அவன் சிரித்தான். அலுவலகத்தில் முந்நூறு மடிக்கணினிகளையும் மின்சிக்கன அமைப்புக்கு மாற்றச் சொன்னது அவன்தானாம். திரை வெளிச்சம் குறையும், உள்ளே ஓட்டம் நிதானமாகும், அந்த மாடலில் இன்னும் என்னென்னவோ தானாக நடக்கும். அவனுடைய கல்யாணத்துக்கு அக்கா பரிசாகக் கொடுத்த, சுவரில் சொருகி அளக்கும் பிளக் மீட்டரை எடுத்துப்போய் அவனே அளந்தும் விட்டான். நாற்பத்தொரு சதவீதம் மிச்சம்.

"கல்யாணத்துக்கு மீட்டர் கொடுத்தாள்னு உன் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சாளே, இப்ப உதவுச்சா?"

"அதான்க்கா சொல்றேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெளியிலிருந்து தணிக்கை பண்ண ஆளுங்க வராங்க. வெளிச் சோதனைக்கூடத்து அறிக்கை ஒண்ணு கேக்குறாங்க. அது கைக்கு வந்துட்டா பிரிவுத் தலைவர் நாற்காலி எனக்குத்தான். மேனேஜரே வாய்விட்டுச் சொல்லிட்டார்."

"இவ்வளவு அழுக்கு மிஷினையா சாம்பிள்னு எடுத்துட்டு வருவ?"

"யார் யாரோ தொடுறது. நான் பைக்குள்ள போட்டு ஓரத்தைப் பிடிச்சுத்தான் கொண்டாந்தேன்."

தாய் மூன்று ஷிப்டிலும் மாறி மாறி வேலைக்குப் போன வீட்டில், அந்தத் தம்பியின் மூக்கைத் துடைத்து, தலையில் பேன் பார்த்து, வாந்தியை அள்ளி வளர்த்தவள் அவள். பிறர் தம்ளரைத் தொடாத கை அதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்தது. இப்போது அவன் இரண்டு விரலால் பையை நீட்டியபோது அவளுக்கு என்னவோ போல இருந்தது.

சுத்தம் செய்து முடித்ததும் அன்றே அளந்தாள். மனித விரலை நம்பி அவள் எதையும் அளப்பதில்லை. அது களைக்கும், அரட்டையடிக்கும், நகம் கடிக்கும். பழைய மேசை விசிறியின் தலையாட்டும் பல்சக்கரத்தில் ஒரு ரப்பர் மூடியைப் பொருத்தி ஒரு செயற்கை விரல் செய்து வைத்திருந்தாள். எட்டு வினாடிக்கு ஒருமுறை அது இறங்கி ஒரு விசையைத் தட்டும். திரையில் பக்கம் நகரும். சாதாரண அமைப்பில் ஓடவிட்டு, பத்து நிமிடம் பொறுத்து, எண்ணைக் குறித்தாள். இருபத்தொரு வாட். மின்சிக்கன அமைப்புக்கு மாற்றி, மறுபடி பத்து நிமிடம். பன்னிரண்டு புள்ளி நான்கு. காகிதத்தில் வகுத்துப் பார்த்தாள். நாற்பத்தொன்று.

தம்பி பொய் சொல்லவில்லை என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. போனை எடுத்து, "நாப்பத்தொண்ணுதான்டா. ரெண்டு நாள்ல எழுதித் தரேன்" என்றாள்.

"அக்கான்னா அக்காதான்!" என்று அவன் வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் ஒரு இஸ்திரிப்பெட்டி காத்திருந்தது. அதை முடித்துவிட்டு, கை கழுவி, மடிக்கணினியை அணைக்கலாம் என்று வந்தபோது மணி ஒன்றரை ஆகியிருந்தது. ரப்பர் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. மீட்டரில் முப்பத்தாறு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். முப்பத்தாறுதான்.

அவள் கை தானாகப் பேனாவை எடுத்தது. 'மின்னழுத்த ஏற்ற இறக்கம்' என்று எழுதப் போனது. சொல்லப்போனால் முதல் எழுத்தை எழுதியே விட்டது. வருடக்கணக்காக எழுதிப் பழகிய வார்த்தை. எண் கொஞ்சம் துள்ளினால் அந்த வார்த்தையை எழுதி மூடிவிடலாம். ஆனால் பக்கத்து மீட்டரில் மின்னழுத்தம் அசையாமல் நின்றது. அழுக்கைக் காரணம் சொல்லலாமென்றால் அதையும் காலையில் அவளே தோண்டி எடுத்துவிட்டாள். சொல்ல ஒரு சாக்கும் மிச்சமில்லை.

இஸ்திரிப்பெட்டிக்கு வயிறு கிடையாது. கொடுப்பதை அப்போதே தின்று அப்போதே சுடும். இதற்கு வயிறு இருக்கிறது. பாட்டரி.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு, பாட்டரியை நிரப்பி, சாதாரண அமைப்பில் தொடங்கி எட்டு மணி நேரம் ஓட்டினாள். அதற்கு அடுத்த நாள் அதே வேலை, அதே மணி நேரம், சிக்கன அமைப்பில். ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண். முன்மேசைக்காரி டீ வாங்கி வந்து வைத்தால் அது ஆறிப் படலம் கட்டியது.

"என்னக்கா, படம் ஓடுதா அதுல?"

"ஓடுது. திருட்டுப் படம்."

சிக்கன அமைப்பில் அந்தச் சாதனம் செய்தது இதுதான். சுவரிலிருந்து பன்னிரண்டு வாட்டுக்கு மேல் இழுக்காமல் பவ்வியமாக இருக்கும். பற்றாததைச் சத்தமில்லாமல் பாட்டரியிலிருந்து தின்னும். ஒரு மணி இருபது நிமிடத்தில் பாட்டரி ஒரு அளவுக்கு இறங்கியதும் வேஷம் கலையும். நாற்பது நிமிடம் முப்பத்தாறு வாட்டாக இழுத்து, தின்றதை வட்டியோடு திரும்ப நிரப்பும். பிறகு மறுபடி பவ்வியம். எட்டு மணி நேரத்தில் நான்கு தடவை. வரைபடத்தாளில் புள்ளி வைத்து இணைத்தபோது நான்கு திமில்கள் எழுந்து நின்றன.

முழு நாளின் கணக்கு: சாதாரண அமைப்பில் நூற்று அறுபத்தெட்டு வாட்மணி. சிக்கன அமைப்பில் நூற்று அறுபத்து மூன்று. மிச்சம் மூன்று சதவீதம். அதுவும் திரை வெளிச்சத்தைக் குறைத்து யாரோ ஒருவர் கண்ணிலிருந்து பிடுங்கியது.

மறுநாள் வியாழக்கிழமை காலை தம்பியை வரச் சொன்னாள். அவன் கையில் போனை நீட்டிக்கொண்டே வந்தான். அலுவலக வரவேற்பறையின் சுவரில், ஆள் உயரத்துக்கு ஒரு பச்சை இலை. அதன் நடுவில் வெள்ளை எழுத்தில் '41%'. கீழே மேனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"நீ போன்ல சொன்ன அன்னிக்கு சாயங்காலமே ஒட்டிட்டாங்கக்கா. எப்படி இருக்கு?"

அவள் வரைபடத்தை அவன் முன்னால் வைத்துச் சொன்னாள். அவன் முகத்திலிருந்து சிரிப்பு இறங்க நேரம் பிடித்தது.

"சரி… ஆனா முதல் பத்து நிமிஷம் நாப்பத்தொண்ணுதானே? அதுல பொய் இல்லையே?"

"பொய் இல்ல. மத்ததெல்லாம் பொய்."

"அதை மட்டும் எழுதுக்கா."

"நாலு வேளையும் திருடித் திங்கிறவன் முதல் பத்து நிமிஷம் வாயை மூடிட்டு இருந்தான்னு நற்சான்று எழுதவா?"

முதலாளி உள்ளறையிலிருந்து வந்தார். காதைக் குடைந்துகொண்டே வந்தார். அவர் காது குடைவது மல்டிமீட்டரின் கறுப்பு முனையால். சிவப்பு முனையை ஒருநாளும் காதுக்குள் விடமாட்டார், அதிலும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டு, முனையை எடுத்துப் பார்த்து, சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இதுல என்னம்மா குழப்பம்? கூடத்து முறைப்படி பத்து நிமிஷம். அவ்வளவுதானே? அதுக்கு மேல நாம ஏன் பாக்கணும்?"

தம்பிக்கு உயிர் வந்தது. சுவரைக் காட்டினான். "அதான்க்கா. நான் என்ன புதுசாவா செஞ்சேன்? உன் அட்டையைப் பாத்துத்தான் நானும் அளந்தேன். உன் கையெழுத்துதானே அது?"

அவள் திரும்பி அட்டையைப் பார்த்தாள். ஓட விடு. பத்து நிமிடம் பொறு.

"மத்தியானம் ஒருதடவை உன் மீட்டர்ல முப்பத்தாறு காட்டுச்சா, இல்லையா? உண்மையைச் சொல்லு" என்றாள்.

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "காட்டுச்சு. மீட்டர் பழசு, அதான் உளறுதுன்னு விட்டுட்டேன்."

அவன் நின்ற விதத்தைப் பார்க்க அவளுக்குக் குமட்டியது. பொய் சொல்பவனுடைய முகமாக இருந்தாலாவது ஒரு அறை கொடுத்திருக்கலாம். பார்த்ததைப் பார்க்காத மாதிரி நகர்ந்துவிட்டவனின் வழவழத்த முகம் அது. அதே முகத்தைத் தனக்கும் தெரியும் என்று தோன்றியபோது அவளுக்குக் கழுத்துக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது.

"சாயங்காலம் சொல்றேன். போ" என்றாள்.

அவன் போனதும் பழைய கோப்புகளை இறக்கினாள். பாட்டரி உள்ள சாமான்கள் கூடத்துக்கு வரத் தொடங்கி மூன்று வருடம். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சார்ஜ் விளக்கு நான்கு, மடிக்கணினி இரண்டு, கையில் பிடிக்கும் தூசு உறிஞ்சி ஒன்று. ஏழு அறிக்கை. ஏழிலும் பத்து நிமிட எண். ஏழிலும் அவள் கையெழுத்து. மூன்றாவது சார்ஜ் விளக்கின் பக்கத்தில், ஓரத்தில், அவளுடைய அழகான சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: "பிற்பகல் அளவு திடீரென இரட்டிப்பானது. மின்னழுத்த ஏற்ற இறக்கம்."

அன்றும் மின்னழுத்த மீட்டர் பக்கத்திலேயே இருந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. தன் அட்டை தப்பாக இருக்க முடியாது என்பதில் அவ்வளவு சுகம். தம்பி மீட்டரைக் குறை சொன்னான், அவள் மின்சாரத்தைக் குறை சொன்னாள். மடிக்கணினியின் உள்ளே கிடந்த கரப்பானைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குத் தன் மேசைக்கு மேலே தொங்கிய அழுக்குத் தெரியவில்லை. பதினான்கு வருடம் அதன் கீழேயே உட்கார்ந்து கை கழுவிக் கழுவி வேலை பார்த்திருக்கிறாள்.

நாற்காலியில் ஏறி அட்டையைக் கழற்றினாள். உறையின் பின்பக்கம் பிசுபிசுத்தது. சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"என்னக்கா செய்றீங்க?" முன்மேசைக்காரி பயந்துபோய்க் கேட்டாள்.

"குளிப்பாட்டுறேன்."

உட்கார்ந்து அறிக்கை எழுதத் தொடங்கினாள். அன்று முழுவதும் எழுதினாள். எட்டு மணி நேரத்தின் எண்களும் வரிசையாக. நான்கு திமில் வரைபடம். அதன் கீழே: "பத்து நிமிட அளவின்படி மிச்சம் நாற்பத்தொரு சதவீதம். முழு வேலைநாள் அளவின்படி மூன்று சதவீதம். முதல் எண் தவறானது. பாட்டரி உள்ள சாதனங்களுக்குப் பொருந்தாத பத்து நிமிட விதியை வகுத்தது இந்தக் கூடம்; அதை எழுதியவர் இதன் கீழ்க் கையொப்பமிட்டவர். அந்த விதியை நம்பி அளந்தவர்களுக்கும் அதே தவறான எண்தான் கிடைத்திருக்கும்." கடைசிப் பக்கத்தில் ஏழு பழைய அறிக்கைகளின் எண்களை எழுதி, அவையெல்லாம் மறு அளவுக்கு உட்பட்டவை என்று சேர்த்தாள்.

முதலாளி படித்துவிட்டு வெளுத்துப் போனார்.

"ஏம்மா, நம்ம வாயால நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கிறதா? ஏழு கம்பெனிக்காரனும் படியேறி வருவான்."

"வரட்டும். நான்தான் அளந்தேன், நான்தான் பதில் சொல்வேன்."

"நான் முத்திரை குத்த மாட்டேன்."

"குத்தாதீங்க. என் கையெழுத்து மட்டும் இருக்கும். முத்திரை இடம் காலியாக் கிடக்கும். ஏன் காலின்னு அவங்க கேப்பாங்க. காது குடைஞ்சிட்டு இருந்தார்னு சொல்லிடறேன்."

முன்மேசைக்காரி பதிவேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. முதலாளி காதிலிருந்து கையை இறக்கினார். பிறகு இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார்.

"இருங்க" என்றாள் அவள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை நீட்டினாள். "முதல்ல கை."

அவர் முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். குத்தினார்.

சாயங்காலம் தம்பியிடம் போனில் சொன்னாள்.

"என் நாற்காலி போச்சுக்கா."

"போகும்போல."

"உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணுது. வாந்தி வர மாதிரி இருக்கு. உன்னால மட்டும் இல்ல." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நாளைக்கு வர்றவங்க அதே மிஷினைச் சாயங்காலம் வரைக்கும் சொருகி வெச்சா என்னடா ஆகும்? அந்த இலைக்குக் கீழ யார் நிப்பா? உன் மேனேஜரா?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அறிக்கையில தப்பு என் பேர்ல இருக்கு. உன்னை ஏமாத்துக்காரன்னு யாரும் சொல்ல முடியாது. அக்கா விதியை நம்பி மோசம் போனான்னு சொல்லுவாங்க. என்னால அவ்வளவுதான் முடியும். எடுத்துட்டுப் போறதும் எரிச்சுப் போடறதும் உன் பாடு. ஒரு நகல் இங்க இருக்கும்."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவன் வந்தான். சென்ட் வாசனை இல்லை. சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தான். கண் சிவந்திருந்தது. மேசைக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்த சதுரத்தைப் பார்த்தான்.

மடிக்கணினி துடைத்துப் பளபளவென்று மேசையில் இருந்தது. அதன் மேல் அறிக்கை. அவன் நின்றுகொண்டே முதல் பக்கத்தைப் படித்தான். வரைபடத்தைப் பார்த்தான். கையொப்பத்துக்கு மேலிருந்த வரிகளை இரண்டு தடவை படித்தது அவன் கண் போன திசையில் தெரிந்தது.

"நீயே போய் மாட்டிக்கிறியேக்கா."

"முழுசாப் படி."

கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். ஏழு எண்களுக்குக் கீழே, சுருண்ட ஓரத்தை நீவிப் பசை தடவி ஒட்டிய அந்தத் துண்டுக் காகிதம். வெளிச்சம் பத்தலை. கண் எரியுது.

"இது எதுக்கு? இதுவும் அறிக்கையா?"

"சாம்பிளோட வந்தது. சாம்பிளோட போகும்."

"இது யார் எழுதினாங்கன்னு கூடத் தெரியாது."

"நகம் கடிக்கிற யாரோ. போய்த் தேடிப் பாரு. செட்டிங்கை மாத்திட்டுத் தேடு."

அவன் மணியைப் பார்த்தான். பத்தாக இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பையை விரித்தான். அவள் மடிக்கணினியை உள்ளே வைத்தாள். அறிக்கையை உறையில் போட்டு நீட்டினாள்.

அவன் பழக்கம் போல இரண்டு விரலை நீட்டி ஓரத்தைப் பிடித்தான். அவள் விடவில்லை. உறை இரண்டு பேர் கையிலும் நின்றது. படிக்கட்டிலிருந்து டயர் கடையின் ரப்பர் நாற்றம் ஏறி வந்தது.

"சரியாப் பிடிடா. துடைச்சுத்தான் கொடுக்கிறேன்."

அவன் அவளைப் பார்த்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினான். அவள் விட்டாள்.